மனக்காயத்திற்குச் சான்று கேட்பது குறித்து

குற்றத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் தம் மனத்திற்கு நேர்ந்த ஊறுக்காக இழப்பீடு கோரினால், அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்று வரச் சொல்வது நியாயமான நடைமுறை என்றே கல்விப்புலத்தில் பலரும் கருதுகிறோம். உடற்காயத்திற்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள், மனக்காயத்திற்கும் கேட்டால் என்ன என்பது வாதம். இந்த ஒப்புமை பொருந்தாது என்று நினைக்கிறேன். அதிலும் எங்கள் கோவிந்தாபுரம் போன்ற எல்லைப்புற ஊர்களில் அது பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவே முடியும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 44ஆம் பிரிவிலேயே ஊறு என்பதை உடலுக்கோ மனத்துக்கோ நற்பெயருக்கோ உடைமைக்கோ சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் தீங்கு என வரையறுத்துவிட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே வரையறையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே சட்டம் கொடுங்காயம் எவை எனப் பட்டியலிடும்போது மனம் காணாமற்போகிறது. கண், காது, மூட்டு, எலும்பு, பல் என எல்லாம் இருக்கின்றன. ஒரு பல் உடைந்தால் கொடுங்காயம். கடும் உடல்வலி இத்தனை நாள் நீடித்தால் கொடுங்காயம். பழைய சட்டத்தில் அது 20 நாள், புதிய சட்டத்தில் 15 நாள். ஓராண்டு உறக்கமின்றித் தவிப்பவருக்கு அப்பட்டியலில் இடமில்லை. வரையறையில் உண்டு, கணக்கில் இல்லை என்னும் இந்த நிலை 160 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது.

இழப்பீட்டுச் சட்டம் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய முயன்றது. 2009இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு), குற்றவாளி பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாக தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டமொன்றை வகுத்தது. அதன் அட்டவணையில் ஒரு வரி, கொடிய உடற்காயம் அல்லது மறுவாழ்வு தேவைப்படும் எந்த மனக்காயத்திற்கும் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை என்கிறது. மறுவாழ்வு தேவைப்படும் என்பதை யார் தீர்மானிப்பது, எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என அட்டவணை சொல்லவில்லை. அந்த வெற்றிடத்திற்குள்தான் மனநல மதிப்பீடு வந்து அமர்கிறது.

பாலியல் வன்புணர்வுக்கு அதே அட்டவணையில் தனி வரி உண்டு; 4 முதல் 7 லட்சம். ஆகவே மனக்காய வரியை நம்பியிருப்போர் வேறு சிலர். பின்தொடரப்பட்டவர், மிரட்டப்பட்டவர், உடலில் ஒரு கீறலும் இல்லாமல் படம்பிடிக்கப்பட்டு அந்தப் படத்தாலேயே ஆண்டுக்கணக்கில் அச்சுறுத்தப்பட்டவர். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் வருவது பொள்ளாச்சி. 2019இல் வெளிவந்த அந்த வழக்கில் காணொளியே ஆயுதமாக இருந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்து, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு ஒவ்வொருவருக்கும் மேலும் 25 லட்சம் அறிவித்தது. நாடு முழுதும் பேசப்பட்ட வழக்கு அது. செய்தித்தாளில் நான்கு வரி மட்டும் வந்து மறையும் வழக்கில் ஒரு பெண் அட்டவணையின் அந்த ஒற்றை வரியோடும், சான்றுக்கான ஒரு சீட்டோடும்தான் நிற்பாள்.

அந்தச் சீட்டோடு அவள் போகும் இடத்தில் எது அளக்கப்படுகிறது? இந்தியாவில் மனநோயால் வரும் இயலாமையை அளக்கப் பயன்படும் அளவுகோல் ‘ஐடியாஸ்’. இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கிற்கும் மதிப்பெண் இட்டு, நோய் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதற்கும் சேர்த்துக் கூட்டுவார்கள். நீண்டகால மனநோயாளிகளுக்கு ஓய்வூதியமும் சலுகையும் பெற்றுத் தர அது உதவியிருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. குற்றத்தின் விளைவை அளக்க எடுத்தால்தான் அது சறுக்குகிறது. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுத் திட்டத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. அங்கு மனக்காயம் அன்றாட வாழ்வை முடக்குவதாக இருக்கவேண்டும். மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ அதை உறுதிப்படுத்தவேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் 1,000 பவுண்டு, வாழ்நாள் முழுதும் கடுமையாக முடக்கினால் 27,000 பவுண்டு எனக் கட்டணப் பட்டியலே உண்டு.

முடக்கம் என்ற சொல்லில்தான் என் மறுப்பு தொடங்குகிறது. முதலமடை மாந்தோப்பில் நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு என்ன நேர்ந்திருந்தாலும் மறுவாரம் அவள் வேலைக்குப் போவாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. சமைப்பாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவாள், கேட்டதற்கு விடை சொல்வாள். நான்கு தலைப்பிலும் அவளுக்கு விழும் மதிப்பெண் சுழியத்தை ஒட்டியே இருக்கும். மாதச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்க முடிந்தவரின் துன்பம் ஏட்டில் முடக்கமாகப் பதிவாகிறது; விடுப்பு என்ற சொல்லே இல்லாத வாழ்க்கையில் அதே துன்பம் பதிவாவதில்லை. இந்த அளவுகோலின் ஒரு தட்டில் துன்பத்தோடு வசதியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது மொழி. இதை ஆய்வுக் கட்டுரைகள் அடிக்குறிப்பில் கடந்துபோகின்றன. எல்லையில் வாழ்பவர்களால் அப்படிக் கடந்துபோக முடியாது. எங்கள் பகுதிப் பெண்கள் அச்சத்தை ‘ஈரக்கொலை நடுங்குது’ என்பார்கள். துயரத்தை ‘நெஞ்சுக்குள்ள கல்ல வெச்ச மாதிரி’ என்பார்கள். ‘பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கு’ என்பது மனம் ஒருநிலையில் இல்லை என்பதற்கான வழக்கு. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மருத்துவக் குறிப்பேட்டில் அது வேறொரு நோயாகிவிடும். மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் மனவருத்தம், தமிழில் குறும்பு. ‘சங்கடம்’ அங்கே துயரம், இங்கே தர்மசங்கடம். ‘விஷமம் உண்டோ’ என்று மருத்துவர் பரிவோடு கேட்க, எல்லைக்குப் புதிதாய் மணமுடித்து வந்தவள் ‘அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க’ என்று தலையாட்டினால், வருத்தம் இல்லை என்று பதிவாகிவிடும். (பிறந்ததிலிருந்து இங்கிருப்பவர்கள் இரண்டையும் கலந்து பேசித் தப்பித்துக்கொள்வோம் என்பது வேறு.) கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. குடும்ப அட்டைக்குத் தமிழில் மனு எழுதலாம். மனத்தைத் திறந்துகாட்டும் அறைக்குள் அந்த உரிமை இன்னும் நுழையவில்லை.

மூன்றாவது அச்சம் சான்றின் மறுமுனை பற்றியது. இழப்பீட்டுக்காக எழுதப்படும் ‘மனச்சோர்வு’, ‘நினைவுக் குழப்பம்’ போன்ற சொற்கள் விசாரணை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கைக்குப் போனால் என்னவாகும்? மனநிலை சரியில்லாதவரின் சாட்சியத்தை எப்படி நம்புவது என்ற கேள்வி எழும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 23ஆம் பிரிவில் மறைகாப்பு உரிமையை வழங்குகிறது. என்றாலும் இழப்பீட்டுக் கோப்பு மருத்துவமனைக்கு வெளியே பல மேசைகளைக் கடப்பது. காவல்நிலையம், மருத்துவமனை, நடுவர் மன்றம், விசாரணை மன்றம் என நான்கு இடங்களில் நடந்ததைச் சொன்னவள் ஐந்தாவதாகவும் சொல்லவேண்டும், அதுவும் நோயாளியாக. இருவிரல் சோதனை உடலின் மீதும் மனத்தின் மீதும் நிகழ்த்தப்படும் அத்துமீறல் என உச்ச நீதிமன்றம் 2013இல் லில்லு வழக்கில் சொன்னபோது, சோதனையே காயமாகலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தர்க்கத்தை இங்கும் நீட்டிப் பார்க்கலாம்.

சான்று இல்லையென்றால் பொய்க்கோரிக்கை பெருகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஐயம்தான். 1961இல் ஹென்றி மில்லர் என்னும் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர், விபத்துக்குப் பிந்தைய நரம்புத் தளர்ச்சி இழப்பீடு கைக்கு வந்ததும் குணமாகிவிடுகிறது என்று உரையாற்றினார்; அந்தக் கருத்து நெடுங்காலம் நீதிமன்றங்களை ஆண்டது. பின்னர் வந்த தொடராய்வுகள் பணம் கிடைத்த பிறகும் பலர் மீளவில்லை என்று காட்டின. அதைவிட, நம் சட்டத்திலேயே மாற்று வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் அட்டவணை, சாதிரீதியாக அவமதிக்கப்பட்டவருக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணத்தை முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என மூன்று படிகளில் தரச் சொல்கிறது. அவமானத்தால் உங்களுக்கு உறக்கம் கெட்டதா என்று அது கேட்பதில்லை. அவமதிப்பு நிகழ்ந்தது என்பதே போதும். 2017இல் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள் தேநீர்க் கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தீண்டாமைக்கு ஆளாவதாகச் செய்திகள் வந்தபோது, தனிக்குவளை ஒரு குழந்தையின் மனத்தில் என்ன செய்கிறது என்பதற்கு மருத்துவச் சான்று தேவை என்று யாரேனும் சொல்லியிருந்தால் நாம் என்ன நினைத்திருப்போம்?

வாச்சாத்தியையும் நினைவூட்டலாம். 1992 ஜூனில் நடந்த கொடுமைக்கு 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அனைவருக்கும் ஒரே தொகை. ஒவ்வொருவர் மனத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவில்லை. தொகை போதுமா என்பதும் 31 ஆண்டுத் தாமதமும் தனியே பேசவேண்டியவை.

மனநல மருத்துவர்களே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு என யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருக்கும் அந்தச் சிலரின் நேரம் சான்றெழுதுவதில் போகாமல் சிகிச்சையில் போகவேண்டும் என்பதே என் கவலை. அட்டவணையின் குறைந்தபட்சத் தொகையைக் குற்றத்தின் தன்மையைக் கொண்டே தரலாம். அதற்கு மேல் கோருபவருக்கு, அவர் விரும்பினால் மட்டும், மதிப்பீடு செய்யலாம். அப்போதும் ஏற்கெனவே சிகிச்சையளிக்கும் மருத்துவரோ உளவியலாளரோ எழுதும் குறிப்பு போதுமானதாக இருக்கவேண்டும்.

இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. குற்றத்தின் கடுமையையும் மனத்துக்கோ உடலுக்கோ நேர்ந்த தீங்கின் அளவையும் கருத்தில் கொள்ளுமாறு 2018 திட்டமே சொல்கிறது. போக்சோ விதிகள் 2020இன் 9ஆம் விதி குழந்தைகளுக்கு அப்படி எடைபோடும் பொறுப்பைச் சிறப்பு நீதிமன்றத்திடமே தந்திருக்கிறது. விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. மனநல மருத்துவரின் தேதிக்காகக் காத்திருக்கும் கோப்புகள் அந்தக் கெடுவுக்குள் முடிவதில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்ட ஆணைக்குழுக்கள் தமிழறிந்த உளவியலாளர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்வதற்கும், விண்ணப்பப் படிவத்தில் ‘பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் சேர்ப்பதற்கும் எந்த அரசாணையும் குறுக்கே நிற்கவில்லை.