திருப்பூர் பெயருக்கு முகவரி வேண்டும்

திருப்பூரின் காதர்பேட்டை ஆடைச் சந்தைக்கு நேரில் வருபவர் துணியைத் தேய்த்துப் பார்ப்பார். தையலை இழுத்துப் பார்ப்பார். மனதுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் 'ஏற்றுமதி ரகம், திருப்பூர் நேரடி விலை' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்புபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் நம்புவது திருப்பூர் என்ற பெயரைத்தான். அந்தப் பெயரைச் சொல்லி மெல்லிய துணியை 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) என்று அனுப்புவதும், முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கும் பனியனைத் தள்ளிவிடுவதும், கேள்வி கேட்டால் 'ரிட்டர்ன் கிடையாது' என்று எண்ணை பிளாக் செய்வதும் வியாபாரம் அல்ல, மோசடி.

குறையுள்ள சரக்கைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ரசீதில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பில் தராமல் விற்பதும் தவறே. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். திருநெல்வேலியில் இருப்பவர் வழக்குக்காகத் திருப்பூர் வர வேண்டியதில்லை. தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்குக் கட்டணமும் இல்லை. முதற்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆனால், மறுவிற்பனைக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. வீட்டிலிருந்தபடியே நைட்டியும் டி-ஷர்ட்டும் விற்றுப் பிழைக்க, சேமிப்பையெல்லாம் போட்டு மொத்தமாகச் சரக்கு எடுக்கும் பெண்கள் ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அவர்களுக்குத் திறக்காது. உரிமையியல் நீதிமன்றமும் காவல் நிலையமும்தான் மிச்சம். சிறு மறுவிற்பனையாளருக்கும் எளிய தீர்வு கிடைக்கும்படி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. கல்யாணத்துக்கு உடுத்திய ஆடையை மறுநாள் 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புவதும், புதியதை வைத்துக்கொண்டு பழையதைப் பொட்டலம் கட்டுவதும் நியாயமா? திரும்பி வரும் ஒவ்வொரு பீஸும் நாலு தையல் மெஷின் வைத்து நேர்மையாகத் தொழில் செய்பவரின் லாபத்தைத் தின்கிறது. குறையில்லாத பொருளை, மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் வழங்கவில்லை. அது விற்பவர் தரும் சலுகை. அளவுப் பட்டியலைப் படித்து, விற்பவரின் முகவரியைப் பார்த்து, பில் கேட்டு வாங்குவதே முறை.

எனினும் பெரிய பொறுப்பு விற்பவர் பக்கமே. பெயர், முகவரி, துணியின் எடை, நூல் கலவை, சென்டிமீட்டரில் அளவு, திருப்பி எடுக்கும் விதி ஆகியவற்றை ஒவ்வொரு பதிவிலும் காட்டுவதை உறுப்பினர்களின் கடமையாகத் திருப்பூரின் தொழில் சங்கங்கள் அறிவிக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதைக் கண்காணிக்க வேண்டும். உலகச் சந்தையின் கடுமையான தரச் சோதனைகளைத் தாண்டிய ஊர் இது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான சரக்கில் காட்டும் அதே கண்டிப்பை உள்ளூர் வாடிக்கையாளருக்கான சரக்கிலும் காட்டட்டும்.