பொம்மைக் காருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?



"அரியரை வெச்சுக்கிட்டு கேம்ல பொம்மைக் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறியே, வெட்கமா இல்லையாடா?" என்று என் ஹாஸ்டல் அறை நண்பன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலே இந்தக் கட்டுரை.

'அசெட்டோ கோர்சா' என்பது இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014-ல் வெளியிட்ட கார் பந்தய விளையாட்டு. அதிலுள்ள கார்களுக்கு நாமே வண்ணம், எண், பெயர் எல்லாம் போட்டுக் கொள்ளலாம். இதற்கு 'ஸ்கின்' என்று பெயர். படம் வரைந்து, டி.டி.எஸ். ஃபைலாக மாற்றி, அந்தக் காரின் ஃபோல்டரில் வைத்தால் முடிந்தது... என்றுதான் நானும் நினைத்தேன்!

காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் டெம்ப்ளேட்டைத் திறந்தேன். காரையே காணோம்! தோலை உரித்துக் காயப்போட்ட மாதிரி கதவு ஒரு மூலையில், பானட் ஒரு மூலையில், கூரை தலைகீழாக. கதவில் 27 என்று எழுதி ஓடவிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் சரி. வலது பக்கம் கண்ணாடியில் தெரிவது போல் எண் திரும்பி நின்றது! அந்தக் காரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படத்துண்டுதான். மறுபக்கத்துக்கு அதையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பிறகுதான் வழி தெரிந்தது. வண்ணம் தீட்டும் முன் டெம்ப்ளேட் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண் எழுத வேண்டும். காரைச் சுற்றிப் பார்த்தால் எந்தக் கட்டம் எங்கே போய் ஒட்டுகிறது என்று புரியும். தட்டையான கதவில் கட்டம் சதுரமாகவே இருக்கும். புடைத்த மட்கார்டில் இழுபட்டுப் போகும்.

அந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அடடா, இது நம்ம 'டெவலப்மெண்ட் ஆஃப் சர்ஃபேசஸ்' பாடமாச்சே! 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை விரித்தால் 157 மி.மீ. நீளச் செவ்வகம். கூம்பை விரித்தால் வட்டக்கோணப்பகுதி. பந்தை மட்டும் இழுக்காமல், கிழிக்காமல் விரிக்கவே முடியாது. எனக்கு அரியர் விழ இந்தப் பாடமும் ஒரு காரணம். படிகளை மனப்பாடம் செய்தேனே தவிர, எதற்கு விரிக்கிறோம் என்று தெரியாது. வீட்டில் கேட்கலாம் என்றால், எங்கள் வீட்டில் டிராயிங் போர்டைத் தொட்ட முதல் ஆளே நான்தான்.

கணக்கும் இதில் உண்டு. 4096-க்கு 4096 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால், சுருக்காத படம் 64 எம்.பி. அளவை 2048 ஆக்கினால் பாதி அல்ல, கால் பங்கு... 16 எம்.பி.! எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமா, கம்ப்யூட்டர் திணறாமல் ஓட வேண்டுமா? நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தவர் செய்த ஸ்கின்னில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. சீனியர் ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடிப்பதும் இதுவும் ஒன்றே. பார்க்க அழகாக இருக்கும். கைக்கு ஒன்றும் வராது.

விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் தூக்கம் கெட்டு, காலை வகுப்பில் சாமியாடியவன் நான். அதனால்தான் கேட்கிறேன்: மாலையில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைக்க நம் மாணவர் பேரவை முயற்சி எடுக்கட்டும். முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் ஒரே ஒரு கார்க் கதவையாவது விரித்துப் பார்க்கட்டும்.

அரியர் தேர்வை நான் இன்னும் எழுதவில்லை. பாஸ் ஆவேனா, தெரியாது. ஆனால் இந்த முறை கேள்வித்தாளில் உருளையைப் பார்த்தால் பயப்பட மாட்டேன்.

விரித்துப் பார்ப்போம்! விளங்கிக் கொள்வோம்!