கலங்கலுக்குக் காவல்காரன் எதற்கு?

மீன்தொட்டிக்கு வாளி தூக்க முடியாத வயசு நம்மில் பலருக்கு வந்துவிட்டது. அதனால் டிரம்மிலிருந்து புதுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, பழைய தண்ணீர் தானாக வெளியேறும்படி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். மீனுக்கும் நல்லது, இடுப்புக்கும் நல்லது. உள்ளே வரும் தண்ணீரோடு எனக்குச் சண்டை இல்லை. அது வெளியே போகும் வழியைத்தான் ஏனோதானோவென்று செய்கிறார்கள்.

காரணம், கண்ணாடியில் ஓட்டை போடப் பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் விளிம்பின் மேல் கவிழ்த்துப் போடும் வளைகுழாய் விற்கிறது. "ஓட்டையே வேண்டாம் சார், சைபன் இழுத்துக்கும்" என்பார் கடைக்காரர். இழுக்கும், வளைவின் உச்சியில் தண்ணீர் அறுபடாதவரை. ஓட்டம் வேகமாக இருந்தால் உள்ளே சேரும் காற்றுக் குமிழியை அடித்துக்கொண்டு போய்விடும். சொட்டு நீரில் ஏது வேகம்? குமிழிகள் ஒவ்வொன்றாக உச்சியில் குடியேறி, ஒரு நாள் இழுப்பு நின்றுவிடும். சொட்டு முறைக்கு எது ஆகவே ஆகாதோ, அதையே அதற்கென்று விற்கிறார்கள்!

கணக்கைப் பாருங்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும். சொட்டு நீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் சின்ன டிரிப்பர் மணிக்கு 2 லிட்டர். ஒரு நாளைக்கு 48 லிட்டர். நீங்கள் பேத்தி கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போயிருக்கும்போது வளைகுழாய் அறுந்தால், 192 லிட்டர் கூடத்தில். பக்கத்திலேயே தரையில் கிடப்பது ஏர் பம்புக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கீழ்வீட்டுக்காரர் கூரையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு கூட்டம் சென்சார் கூட்டம். தண்ணீர் ஏறினால் மோட்டார் ஓடி வெளியேற்றுமாம். கரண்ட் போனால்? மோட்டார் நிற்கும், டிரம்மிலிருந்து சொட்டுவது நிற்காது. மின்சார வாரியத்தைக் கேட்டுக்கொண்டா தண்ணீர் கீழே இறங்குகிறது?

நம் ஏரிகளில் மதகு வேறு, கலங்கல் வேறு. மதகைத் திறப்பதும் மூடுவதும் ஆள் வேலை. கலங்கல் யாரையும் கேட்காமல், நடுராத்திரி மழையிலும் வழியும். மொட்டை மாடித் தொட்டியிலும் அதேதான். ஓவர்ஃப்ளோ குழாயில் வால்வு வைக்கும் கொத்தனாரை நாம் வீட்டுக்குள் விடுவோமா? முப்பது வருஷம் குழாய்களோடு மாரடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மீன்தொட்டிக்கு மட்டும் வேறு சட்டம் கிடையாது.

ஓட்டை போடுங்கள். கண்ணாடிக் கடைக்காரர் டைமண்ட் பிட்டில், தண்ணீர் விட்டுக்கொண்டே, நிதானமாகப் போட்டுத் தருவார். விளிம்பிலிருந்து ஓட்டையின் அகலமாவது தள்ளியிருக்க வேண்டும். டஃபண்ட் கண்ணாடியாக இருந்தால் தொடவே கூடாது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒரு இஞ்ச் டேங்க் நிப்பிளுக்கு ஒரு இஞ்ச் ஓட்டை போதாது, மரையை அளந்து போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு எல்போவை மேல்நோக்கி வைத்தால் அதன் வாய்தான் நீர்மட்டம். மீன் போய்விடாமல் அதற்குமேல் ஒரு சல்லடை மூடி. வெளியே குழாய் எங்கும் மேலே ஏறாமல் சரிவாகவே போகட்டும்.

"மணிக்கு 2 லிட்டருக்கு ஒரு இஞ்ச் குழாயா, கால் இஞ்ச் டியூப் போதாதா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். சொட்டுக்குப் போதும் ஐயா. டிரிப்பர் கழன்று டிரம் முழுக்கக் கொட்டும் அன்றைக்குப் போதுமா? ஒரு நத்தை நுழைந்தாலே அந்தக் கால் இஞ்ச் அடைத்துக்கொள்ளும். வடிகாலின் அளவைத் தீர்மானிப்பது கெட்ட நாள்தான். அவர் இன்னும் டியூப்தான் வைத்திருக்கிறார், அது அவர் இஷ்டம்.

குழாயின் கடைசி வாயைச் சாக்கடைக்குள் செருகிவிடாதீர்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. மீன் கழிவு நைட்ரேட்டாக மாறிக் கரைந்திருக்கும் தண்ணீர் அது, வாழைக்கு உரம். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் குழாயை நிறுத்திப் பாத்தியில் விழ விடுங்கள். மீனுக்கு உப்பு வைத்தியம் நடக்கும் வாரத்தில் மட்டும் வேறு பக்கம் திருப்ப வேண்டும்.