வெள்ளைப் பின்னணியில் யாருடைய கை?

அட்டைப்பெட்டி ஒன்றின் மூன்று பக்கங்களைச் சன்னல் போல வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்ட வேண்டும். உள்ளே வெள்ளை சார்ட் பேப்பரை மடிக்காமல் பின்பக்கத்திலிருந்து தரைக்கு வளைத்து இறக்க வேண்டும். மூலை தெரியாது, நகை அந்தரத்தில் மிதக்கும். இருபுறமும் ஒரே நிற எல்இடி விளக்கு. 500 ரூபாய்க்குள் ஸ்டுடியோ தயார் என்கிறார்கள்.

பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. பட்டர் பேப்பர் வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் கல்லில் கண்கூசும் புள்ளி விழாது. மஞ்சள் பல்பையும் வெள்ளை பல்பையும் கலக்காவிட்டால் மெரூன் நூல் மெரூனாகவே தெரியும். சின்னமனூரில் பட்டுநூல் ஜிமிக்கி செய்யும் எனக்கு அந்தப் பெட்டியின் மேல் கோபமில்லை. அதோடு சேர்த்து விற்கப்படும் பேச்சின் மேல்தான் கோபம்: ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்யலாம்.’

எந்தச் சும்மா? ஒரு ஜோடிக்கு நூல் சுற்றிக் கல் ஒட்ட இரண்டு மணி நேரம். படம் எடுத்து, வெட்டி, நிறம் சரிபார்த்து, ‘அக்கா, இதே பச்சையில் இருக்கா?’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல இன்னொரு மணி நேரம். (ஆடி மாதக் காற்றில் பெட்டியே பறக்கும், அந்த நேரத்தைச் சேர்க்கவில்லை.) விலை 150 ரூபாய், பொருள் செலவு 50. மணிக்கு 33 ரூபாய்! கம்பம், போடி பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் பாடு லேசானதல்ல. ஆனால் அவர்கள் போவது வேலைக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, நாள்கூலி இவ்வளவு என்று ஊருக்கே தெரியும். என் கூலி என்னவென்று என் வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை.

இது புதிய கதையும் அல்ல. ஆந்திராவின் நர்சாப்பூரில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதினார். அவர்கள் பின்னியது கடல் கடந்து விற்பனையானது, அவர்களுக்கோ ‘இல்லத்தரசிகள்’ என்று பெயர். உழைப்பை ஓய்வு என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. என்னைப் போல நேரடியாக விற்பவள் அந்தக் கணக்கிலும் வரமாட்டாள். எனக்கு அழகாக ‘தொழில்முனைவோர்’ என்று பெயர்.

வெள்ளைப் பின்னணி இந்தப் பொய்க்கு ரொம்பவும் வசதி. ‘முகத்தைப் போடாதே, கழுத்தைப் போடாதே, யார் யார் பார்ப்பார்களோ’ என்று வீடு சொல்கிறது. ‘பின்னணியில் எதுவும் இருக்கக் கூடாது’ என்று வகுப்பு சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஜிமிக்கி தானாக முளைத்ததுபோல் ஆகிவிடுகிறது. முகத்தை மறைக்கும் தோழிகளைக் குறை சொல்லமாட்டேன், படங்களைத் திருடி அசிங்கப்படுத்தும் ஆண்கள் இருக்கும்வரை அது தற்காப்பு. விரலுக்கு என்ன வந்தது? பசை காய்ந்த விரல்களோடுதான் இப்போது ஒவ்வொரு ஜோடியையும் படமெடுக்கிறேன், அதே பெட்டிக்குள். ‘நெயில் பாலிஷ் போட்டு எடுத்திருக்கலாமே’ என்று அறிவுரை வருகிறது, அதற்கு நான் பதில் போடுவதில்லை.

விலைக்குக் கீழே கணக்கையும் எழுதுகிறேன்: பொருள், செய்த நேரம், படமெடுத்த நேரம். ஜோடி 250 ரூபாய். ‘மெஷினில் செய்தது 60 ரூபாய்க்கே கிடைக்குதே அக்கா’ என்பவர்களிடம், அதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.