விலாசம் கேட்கிற தோழர்களுக்கு

போன மாதம் காரைக்குடியில் நம் கூட்டத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. பெயர், போன் நம்பர், ரத்த வகை, கதவு எண், தெரு. கடைசியில் 'வீடு இருக்கும் இடத்தை கூகுள் மேப்பில் குறித்து அனுப்பவும்' என்று ஒரு கட்டம். எல்லாத் தோழர்களின் வீடும் ஒரே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். குழுவில் இருக்கிற யாரும் பார்க்கலாமாம். நான் பெயரையும் ரத்த வகையையும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டேன். 'என்ன தோழர், பயமா?' என்று சிரித்தார்கள். ஆமா, பயம்தான்.

தம்பிகளைக் குறை சொல்லவில்லை. தேவகோட்டைப் பக்கம் ராத்திரி ஒருத்தருக்கு அடிபட்டால் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிற தோழர் யார்? சிவகங்கை ஆஸ்பத்திரியில் ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னா யாரை எழுப்புவது? நாலு பேருக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது. தேவை நிஜம்தான்.

ஆனால் விலாசம் எல்லாருக்கும் ஒன்றா? இந்த ஊரில் ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு விலாசம் பெருமை. வெளியூர்க்காரன் வந்து போட்டோ எடுக்கிறான். நமக்கு விலாசமே சாதிச் சான்றிதழ். பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். விலாசத்தின் இரண்டாவது வரியில் 'காலனி' என்று வந்தால் போதும், எதிரில் நிற்பவரிடம் பேசுகிற குரல் மாறிவிடும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல்லை அழிக்கலாம், மேப்பில் இருக்கிற புள்ளி நகருமா?

நான் வாடகைக்கு வீடு தேடியபோது நாலு இடத்தில் ஒரே கேள்வி: 'தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' பதில் சொன்னதும் வீடு வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது. ஐந்தாவது ஓனர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது கோழைத்தனம் என்கிறார் ஒரு தோழர். நான் தலித் என்று மேடையில் சொல்கிறேன், கவிதையில் எழுதுகிறேன். அது நானாகச் சொல்வது. என்னைக் கேட்காமல் ஒரு மேப் போய் என் ஓனரிடம் சொல்வது வேறு.

'கச்சநத்தத்தில் வெட்ட வந்தவனுக்கு மேப்பா தேவைப்பட்டது?' என்று இன்னொரு தம்பி மடக்கினார். நம் மாவட்டத்தில் 2018 மே 28 ராத்திரி நடந்தது அது. மூன்று பேரைக் கொன்றார்கள். 2022-இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தம்பி சொல்வது சரி, கிராமத்தில் தெருவே மேப்தான். ஆனால் தெருவுக்குத் தெரியாதது நம் பட்டியலில் இருக்கிறது. யார் இயக்கத்தில் இருக்கிறார், எந்தத் தங்கச்சி தனியாக அறை எடுத்திருக்கிறாள், சாதி மறுத்து மணந்த இணையரை யார் வீட்டில் வைத்திருக்கிறோம். போன வருஷம் ஒரு தோழர் வீட்டு மாடியில் பத்து நாள் ஒரு ஜோடி இருந்ததே, அன்றைக்கு இந்த மேப் இருந்திருந்தால்?

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர் வீடுகளை அடையாளம் காட்டியதும் அதே மாதிரிப் பட்டியல்கள்தான். கொலைக்காக எழுதியவை இல்லை, ஓட்டுக்காக எழுதியவை.

அமெரிக்காவில் அலபாமா அரசு 1956-இல் கறுப்பின மக்களின் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. மற்ற ஆவணங்களைக் கொடுத்தார்கள், சாதாரண உறுப்பினர்களின் பெயரைக் கொடுக்கவில்லை. பெயர் வெளியானால் வேலை போகும், அடி விழும் என்று அனுபவத்தில் தெரியும். ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். அப்போதும் கொடுக்கவில்லை. 1958 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 'கொடுக்க வேண்டியதில்லை' என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் அரசு கேட்டே கொடுக்காததை, நாம் யாரும் கேட்காமலே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம்!

நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். நம் நோட்டில் அந்த உரிமைக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பட்டியலே வேணாம் என்று சொல்லவில்லை. மேப்பில் ஊர்ப் பெயர் மட்டும் போதும், கதவு எண் வேணாம். போன் நம்பர்கள் தாலுகாவுக்கு ஒரு பொறுப்பாளரிடம் இருக்கட்டும். அவர் தோழரைக் கேட்டுவிட்டு இணைப்புக் கொடுக்கட்டும். ஐந்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான். எதை எழுதுவது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும், காலி இடத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேணாம். விலகிப் போனவரின் வரியை அன்றைக்கே அழியுங்கள். அடைக்கலம் கொடுக்கிற வீடுகளை எங்கேயுமே எழுதாதீர்கள். கணக்கு வைத்திருப்பவரின் விலாசத்தை பேங்கில் நான் வெளி ஆளுக்குச் சொன்னால் என் வேலை போகும். பணத்துக்கு இருக்கிற காவல் நம் உயிருக்கு வேணாமா?

அடுத்த கூட்டத்தில் தாள் திரும்பவும் வரும். காரைக்குடி என்று மட்டும் எழுதுவேன். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன். வீடு எங்கே என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்வேன்.