ஆடிக் காத்துல ரெக்கார்டிங்கா? முதல்ல மைக்குக்குச் சட்டை போடுங்க!

ஆடி மாதம் சத்தியமங்கலம் பவானி ஆற்றங்கரையில் நின்று செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஆறு தெரியும், அதன் சத்தம் கேட்காது. ‘புர்ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல்தான் பதிவாகியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்றின் வேலை அது.

உடனே “விலை கூடின மைக் வாங்கணும்” என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் மைக்குக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. காற்று நேராக மோதினால் அது அதிரத்தான் செய்யும். மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு உறை, ‘ப’, ‘ஃப’ சொல்லும்போது வரும் வாய்க்காற்றைத் தடுக்கும்; ஆடிக் காற்றிடம் அதன் ஜம்பம் பலிக்காது. அதற்குத்தான் ஃபர் கவர். பூனைக்குட்டி மாதிரி புசுபுசுவென இருக்கிறதே, அதுதான். அந்த முடிகள் காற்றின் வேகத்தை உடைத்துவிடும். காலர் மைக்குக்குச் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. மைக்கின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். மழையில் நனைந்து முடி ஒட்டிக்கொண்டால் பயன் குறையும் என்பதால், கூடுதலாக ஒன்று பையில் இருக்கட்டும்.

“அப்புறமா ஆப்ல போட்டு இரைச்சலை எடுத்துக்கலாமே?” ஓரளவுக்கு எடுக்கலாம். ஆனால், இரைச்சலோடு சேர்ந்து குரலும் தேய்ந்துவிடும். அமுச்சி திண்ணையில் உட்கார்ந்து பாடும் கும்மிப் பாட்டை அப்படித் தேய்ந்த குரலில் கேட்க யாருக்கு மனசு வரும்?

அடுத்த செலவு ஹெட்போன். ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும் என்பதால் வயர் வைத்ததே நல்லது. பதிவாகும்போதே கேட்கும் வசதி எல்லா போன்களிலும் இருக்காது. இல்லையென்றால் 30 விநாடி பதிவு செய்து, கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பண்ணாரி அம்மன் குண்டம் பங்குனியில் ஒருமுறைதான். வீட்டுக்கு வந்து ‘அடடா’ என்றால், அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டும்.

மேளம் பக்கத்தில் இருந்தால் ரெக்கார்டரின் அளவைக் குறைத்தே வையுங்கள். முள் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி ஆடினால் போதும். எல்லை தாண்டிக் கிழிந்த சத்தத்தைச் சாதாரண ரெக்கார்டரில் மீட்க முடியாது. ‘லோ கட்’ பட்டன் காற்றிரைச்சலைக் குறைக்கும்தான், ஆனால் மேளத்தின் ‘தொம்’மையும் சேர்த்து வெட்டிவிடும். பேட்டிக்கு மட்டும் அதைப் போடுங்கள்.

கடையில் பலர் கவனிக்காதது பின். மைக் பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது கேமராவுக்கானது. மூன்று இருந்தால் போனுக்கானது. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் போனின் சொந்த மைக்கே பதிவு செய்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது!

பறவைக் குரல் பிடிக்க திம்பம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2013 முதல் இது புலிகள் காப்பகம். அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி இறங்கி மைக் நீட்டும் வேலை வேண்டாம். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. வேறொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டதென்று அது கூடு, குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிடும்.

எங்கே பதிவு செய்தாலும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். அமுச்சி பாடும்போதுதான் லோன் வேண்டுமா என்று கேட்டு போன் வரும்.