தெருக்குரலும் படித்தவர் செவியும்

2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெருக்குரல்' என்னும் ராப் இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், நம்மிடையே தமிழ் கற்பிக்கும் அன்பர் சிலர் இரண்டு தீர்ப்புக்களைத் தயாராக வைத்திருக்கின்றனர். ஒன்று, 'இது கவிதையன்று, கோஷம்' என்பது. மற்றையது, 'இது அமெரிக்க இறக்குமதி' என்பது. இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம்.

அரக்கோணத்து இளைஞர் அறிவு, இசையமைப்பாளர் ஒஃப்ரோவுடன் இணைந்து, பெரிய இசை நிறுவனங்களின் தயவின்றி வெளியிட்ட தொகுப்பு இது. 2018 மே மாதத்தில், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் 13 உயிர்கள் பலியாயின. மாண்டோருள் ஒரு மாணவியின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் இத்தொகுப்பில் உண்டு. சினிமா முதலாளி எவன் இதற்குப் பணம் போடுவான்? சுயமாக வெளியிடுதல் இங்கே வியாபார முறையன்று. உண்மையைச் சொல்வதற்கான நிபந்தனை.

கோஷம் சில இடங்களில் மேலோங்குகிறது என்பது மெய்யே. அதனைக் குறையென்று சொல்ல நாம் தயங்கோம். ஆனால், குறை காண்பது வேறு, கவிதைக் குலத்திலிருந்தே விலக்கி வைப்பது வேறு. முன்னது விமரிசனம்; பின்னது தீண்டாமை.

இறக்குமதி என்கிறார்களே, 1970களில் நியூயோர்க்கின் வறிய கறுப்பின மக்கள் குடியிருப்புக்களில் பிறந்த கலை தமிழுக்கு வரலாகாதா? நாவலும் சிறுகதையும் எவ்வழி வந்தன? தாளத்தின்மேல் சொல்லை நிறுத்தும் வித்தை மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு அந்நியமுமன்று. மத்தளத்தின் கட்டுக்கு இசைந்து அடியெடுக்கும் வடமோடியும் தென்மோடியும், தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த நாட்டார் கவிகளும் நம்முடையவை அல்லவா?

இவற்றையும் படித்தவர்கள் ஒருகாலத்தில் பாமரர் பொழுதுபோக்கென்றே ஒதுக்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தை ஏற்றிய பின்னரே பலருக்கு அதன் கலையழகு புலப்பட்டது. அதே காலத்திலேதான், மக்கள் பேச்சை எழுதிய முற்போக்கு எழுத்தாளரை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர்கள் பழித்தனர். இன்றைய தீர்ப்பு அன்றைய தீர்ப்பின் மறுபதிப்பே.

பழிப்பவர் மாத்திரமல்லர், புகழ்பவரும் குற்றவாளிகளே. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டியின் தலைமுறையை அதில் அறிவு நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அப்பாடலைச் சிறப்பித்தபோது, அதை எழுதிப் பாடியவரின் முகம் அட்டையில் இல்லை, இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கண்டித்தனர். பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் வேண்டாம் என்பதுதானே இதன் பொருள்?

இவ்வநீதியைச் சென்னையிலும் பம்பாயிலும் மாத்திரம் தேடவேண்டியதில்லை. பறைமேளக் கூத்து இம்மண்ணின் கலை. அது நம் பண்பாட்டுச் செல்வம் என்று விழா மலர்களில் எழுதுகிறோம். அப்பறையை அடிக்கும் கலைஞனுக்கு ஆலயத்தில் எங்கே இடம், திருமண வீட்டில் எந்தப் பாய், அவன் பிள்ளைக்கு வகுப்பில் எந்த வாங்கு என்று கேட்டால் மௌனம் காக்கிறோம். எழுவான்கரையின் கல்விமான்களுக்கும் படுவான்கரையின் போடிமாருக்கும் இம்மௌனம் பொதுவானது. மௌனத்தைக் காத்துக்கொண்டே 'தெருக்குரல்' கேட்டுத் தலையசைப்பது வெறும் வேஷம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இத்தொகுப்பை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதன் தாளத்தை, சொல்லாட்சியை, தளர்ந்த இடங்களை ஒளிவின்றி ஆராயுங்கள். அதே வகுப்பறைக்குப் பறைமேளக் கலைஞரையும் அழையுங்கள். ஆசிரியருக்குரிய நாற்காலியில் அவரை அமர்த்துங்கள். தெருவின் குரலை மதிப்பிடும் தகுதி நமக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.